எட்டாம் நம்பரும் எட்டாவது கேட்டும்

பேராக் மாநிலத்தின் ஆயர் தாவார் கடைத்தெருவில், வார இறுதிக் காலையில் கோப்பிக்கடை மேசையில் விரித்துக் கிடக்கும் நாளிதழின் ரேஸ் பக்கத்தைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு குதிரையின் பெயரோடும் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியில் வருவது. பெரும்பாலும் எடை வரிசைப்படி கொடுக்கப்படுவது: அதிக எடை சுமக்கும் குதிரைக்கு 1, அடுத்ததற்கு 2. இரண்டாவது எண் பொடி எழுத்தில் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அதுதான் கேட் எண். ரேஸ்காரர்கள் பேச்சில் 'டிரா', குலுக்கலில் விழுவது. பந்தயம் தொடங்கும்போது அந்தக் குதிரை எந்த இரும்புக் கூண்டிலிருந்து பாய்ந்து வரப்போகிறது என்பதை அது சொல்கிறது. கவுண்டரில் சீட்டு வாங்கும்போது சொல்வது முதல் எண்ணை. குறுந்தூரப் பந்தயத்தின் போக்கை வெகுவாக மாற்றக்கூடியது இரண்டாவது எண்.

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இந்தப் பக்கம் நிறையவே உண்டு. பேராக்கின் தோட்டப்புறம் நம்பரோடு வாழ்ந்து பழகியது. கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஒரு நம்பர், சாலையில் கார் மோதினால் அதன் பதிவெண் என்று நாலு நம்பர் கடைக்குப் போகும் வழக்கம், லயத்து வீடுகளிலிருந்து தாமான் வீடுகளுக்கும் கூடவே குடிவந்துவிட்டது. எட்டு நல்ல எண், நாலு ஆகாத எண் என்ற நம்பிக்கை அக்கம்பக்கத்துச் சீனர்களிடமிருந்து வந்து சேர்ந்துகொண்டது. அந்தக் கண்ணோடு ரேஸ் பக்கத்தைப் பார்ப்பவருக்கு எட்டாவது கேட்டும் ஓர் அதிர்ஷ்ட எண்ணாகத்தான் தெரியும். கேட் எண்ணோ வீட்டு விலாசம் மாதிரி. ஓடுதளத்தின் உள்வேலியிலிருந்து குதிரை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத் தவிர அதில் வேறு சேதி கிடையாது.

அந்த இடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைக் கணக்கிடவும் முடியும். கணக்கிட்ட பிறகு அதை வைத்துப் பணம் பார்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. சம்பளத்தில் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று எடுத்துக் கட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் வீட்டு அரிசியைத் தொடுகிறது.

புறப்படும் இடத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் கேட்டின் பொருள் புரியும். டிராக்டர் இழுத்து வந்து ஓடுதளத்தின் குறுக்கே நிறுத்தும் நீளமான இரும்புச் சட்டம் அது. ஒவ்வோர் அறையும் ஒரு குதிரையின் உடம்பு நுழையும் அகலம்தான். பின்கதவு வழியாக உள்ளே விட்டுச் சாத்துகிறார்கள். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள மிருகம், ஆபத்து என்றால் ஓடித் தப்பியே பழகிய இனம், நாலு பக்கமும் இரும்பு நெருக்கினால் மிரளத்தான் செய்யும். முரண்டு பிடிக்கும் குதிரையின் கண்ணைத் துணியால் மூடுவார்கள். நாலைந்து ஆட்கள் அதன் பின்னால் கைகோத்து நின்று உள்ளே தள்ளுவார்கள். முதலில் உள்ளே போன குதிரை, கடைசிக் குதிரை வரும்வரை வியர்த்துக்கொண்டு நிற்கும். ஸ்டார்ட்டர் விசையை அழுத்தியதும் முன்கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படாரென்று திறக்கும். அந்த நொடியில் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த குதிரை ஓரிரு உடல் நீளம் பின்தங்கிவிடும். 1,000 மீட்டர் பந்தயம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. விட்ட இடத்தைப் பிடிக்க அதற்குள் நேரம் எங்கே?

இந்தக் கூண்டுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. முன்பெல்லாம் ஓடுதளத்தின் குறுக்கே கட்டிய நாடாவுக்குப் பின்னால் குதிரைகள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். கெட்டிக்கார ஜாக்கி மெல்ல நகர்ந்து நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வார். கிளே பியூயட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய மின்விசைக் கேட், 1939 ஜூலை 1 அன்று கனடாவில் வான்கூவரை ஒட்டிய லான்ஸ்டவுன் பார்க்கில் முதன்முதலாகப் பயன்பட்டது. இங்கிலாந்துக்கு அது 1965-இல் நியூமார்க்கெட் வழியாகத்தான் வந்தது. எப்சம் டெர்பி கேட்டிலிருந்து புறப்பட்டது 1967-இல். கேட் வந்ததும் தொடக்கம் நேர்மையாயிற்று. கூடவே இன்னொன்றும் நடந்தது. குலுக்கலில் விழுந்த இடம் அசைக்க முடியாததாகிவிட்டது. எந்த ஜாக்கியின் சாமர்த்தியமும் 12-ஆவது கேட்டை 2-ஆவது கேட்டாக்காது.

இடத்தின் மதிப்பைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியே போதும். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்துப் பிள்ளையை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். வளைவில் அந்தப் பிள்ளை அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் அந்தச் சலுகை. குதிரைகளுக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. எல்லாம் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகின்றன. அரைவட்ட வளைவு ஒன்றில் வேலியோரமாக ஓடும் குதிரையைவிட ஒரு மீட்டர் வெளியே ஓடும் குதிரை 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. மூன்று மீட்டர் வெளியே என்றால் 9 மீட்டருக்கு மேல். ஒரு குதிரையின் உடல் நீளம் சுமார் 2.4 மீட்டர். ஆக, மூன்று மீட்டர் தள்ளி ஓடினாலே ஏறக்குறைய நாலு உடல் நீளம் போய்விடுகிறது. 1,200 மீட்டரை 70 வினாடியில் ஓடும் வேகத்தில் அது அரை வினாடிக்குச் சற்று மேல். மூக்கு நீளத்தில் வெற்றி தோல்வி முடிவாகும் விளையாட்டில் அரை வினாடி சின்னத் தொகையா?

எடைக் கணக்கில் பார்த்தால் இன்னும் உறைக்கும். பிரிட்டனில் எடை நிர்ணயிப்பவர்கள் 1,000 மீட்டர் அளவிலான பந்தயத்தில் ஓர் உடல் நீளத்துக்கு மூன்று பவுண்டு என்று மதிப்பிடுவது வழக்கம். நாலு நீளம் என்றால் 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ. எல்லாக் குதிரைகளுக்கும் சமவாய்ப்பு தருவதற்காக அரைக் கிலோ, அரைக் கிலோவாக எடையைக் கூட்டிக் குறைக்கிறார்கள். டிராவுக்கென்று மட்டும் எந்த எடையும் கழிப்பதில்லை.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. அந்த 3.14 மீட்டர், வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் மாறாது. அப்படியானால் சிறிய ஓடுதளங்களில் டிராவின் தாக்கம் ஏன் அதிகம்? விடை, புறப்படும் இடத்துக்கும் முதல் வளைவுக்கும் இடையிலுள்ள நேர்தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம் நீளமாக இருந்தால், வெளிக்கேட் குதிரை வேகமெடுத்து முன்னால் போய் உள்ளே சாய்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து மற்றவற்றின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். தூரம் குறைவென்றால் இரண்டுக்கும் வழியில்லை. வளைவு முழுக்க வெளியிலேயே ஓட வேண்டியதுதான். இங்கிலாந்தின் செஸ்டர் ஓடுதளம் இதற்குப் பேர்போனது. முழுச் சுற்றே 1,700 மீட்டர்கூட இல்லாத, ஓயாமல் வளைந்துகொண்டே போகும் களம். அங்கே குறுந்தூரப் பந்தயத்தில் குறைந்த எண் கேட் கிடைத்த குதிரைக்கே சாதகம் என்பது பந்தயம் பார்க்கும் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

ஹாங்காங்கில் பாடம் தலைகீழாகவும் கிடைக்கும். நகரத்துக்குள் நெருக்கிக் கட்டிய ஹேப்பி வேலியில் உள்கேட் நல்லது. ஹாங்காங்கின் இன்னொரு களமான ஷா டின்னில் 1,000 மீட்டர் பந்தயம் வளைவே இல்லாத நேர்ப்பாதையில் நடக்கிறது. அங்கே பார்வையாளர் பக்கத்து வேலியை ஒட்டிய பெரிய எண் கேட்டுகளே சாதகமாக இருந்து வந்திருக்கின்றன. ஒரே ஊர், ஒரே தூரம். 1-ஆவது கேட் ஒரு களத்தில் வரம், மறுகளத்தில் சுமை. எண்ணுக்கென்று தனியாக ராசி எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

நல்ல கேட் எல்லாக் குதிரைக்கும் நல்லதாக இருப்பதும் இல்லை. பாய்ந்து புறப்பட்டு முன்னால் ஓடும் குதிரைக்கு 1-ஆவது கேட் சொந்த வீடு. மெதுவாகக் கிளம்பிக் கடைசி 300 மீட்டரில் வேகமெடுக்கும் குதிரைக்கு அதே கேட் பொறியாகிவிடும். இடப்பக்கமோ வலப்பக்கமோ வேலி, எதிரே களைத்த குதிரைகள், வெளிப்பக்கம் இன்னொன்று அணைத்துக்கொண்டு வரும். கால்களில் ஓட்டம் மிச்சமிருந்தும் போக வழியில்லாமல் முடிவுக் கோட்டைத் தாண்டும் குதிரையைப் பார்ப்பது வேதனையான காட்சி.

பிறகு மழை. கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழையை ஈப்போக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புல்தரையில் எல்லாக் குதிரைகளும் வேலியோரத்தையே நாடுவதால் அந்தப் பட்டைதான் முதலில் கிழிந்து சேறாகும். அப்படிப்பட்ட நாளில், காலையில் சாதகமாக இருந்த உள்கேட் மாலையில் பாதகமாகிவிடலாம். இதற்காகவே ஓடுதளக்காரர்கள் நகர்த்தக்கூடிய வேலியைச் சில மீட்டர் வெளியே தள்ளிப் போட்டு, தேய்ந்த புல்லுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். வேலி நகர்ந்ததும் பழைய புள்ளிவிவரம் பழைய ஓடுதளத்துடையதாகிவிடுகிறது. இன்னொன்று: கடைசி நேரத்தில் குதிரைகள் விலகினால், வெளியே இருப்பவை உள்பக்கமாக நகர்ந்து நிற்பது பல நாடுகளின் வழக்கம். நாளிதழில் 12 என்று அச்சான கேட், புறப்படும்போது 9 ஆகியிருக்கலாம்.

"மூணாவது கேட்டிலிருந்து நிறைய ஜெயிக்குது" என்று சொல்லும் அட்டவணைகளை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓர் ஓடுதளத்தில் குறிப்பிட்ட ஒரு தூரத்துக்கு ஓர் ஆண்டில் 60 பந்தயங்கள் நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 12 குதிரைகள். கேட் எண்ணால் எந்த வேறுபாடும் இல்லை என்றால் ஒவ்வொரு கேட்டுக்கும் சராசரி 5 வெற்றி வர வேண்டும். ஆனால் தற்செயல் சமமாகப் பங்கு போடுவதில்லை. நிகழ்தகவுக் கணக்குப்படி, ஒரு கேட் 9 அல்லது அதற்கு மேல் வெற்றி காட்ட நூற்றுக்கு ஆறு வாய்ப்பு உண்டு. 12 கேட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றில் ஏதோ ஒன்று அப்படிக் காட்டுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதாவது எந்தக் கேட்டுக்கும் சாதகமான சாய்வு இல்லாத ஓடுதளத்திலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, சராசரியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வெற்றி பெற்ற 'ராசியான கேட்' ஒன்று அட்டவணையில் முளைத்துவிடும். அதை நம்பி அடுத்த ஆண்டு பணம் கட்டுகிறவர் வெறும் நிழலின் மேல் கட்டுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி. அது குறுந்தூரப் பந்தயம் இல்லை, 2,000 மீட்டர்; என்றாலும் 20 குதிரைகள் வரை ஓடுவதால் கேட் பற்றிய பேச்சு அங்கே அதிகம். 2025 வரை 17-ஆவது கேட்டிலிருந்து ஒரு குதிரைகூட வென்றதில்லை. 1-ஆவது கேட்டிலிருந்து கடைசியாக வென்றது 1986-இல் ஃபெர்டினாண்ட். இரண்டு செய்தியும் ஆண்டுதோறும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும். இரண்டாவதற்கு உடல்ரீதியான காரணம் உண்டு: 19 குதிரைகள் உள்ளே சாய்ந்து வரும்போது வேலியோரக் குதிரை நசுங்கும். அதைச் சரிசெய்யத்தான் 2020-இல் 20 அறைகள் கொண்ட ஒரே கேட்டைக் கொண்டுவந்தார்கள். 17-க்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. 16-க்கும் 18-க்கும் நடுவில் நிற்கும் இடம், அவ்வளவுதான். காரணம் சொல்ல முடிகிற சாய்வையும் காரணம் இல்லாத சாய்வையும் பிரித்துப் பார்ப்பதே டிராவைப் படிப்பதன் முதல் பாடம்.

சரி, காரணம் உள்ள சாய்வு ஒன்று கிடைத்துவிட்டது. இனிப் பணம் வருமா?

கேட் பிறந்த அதே வான்கூவரில் இதற்கான ஆராய்ச்சியும் நடந்தது. 1987-இல் கேன்ஃபீல்ட், ஃபாமன், ஜியெம்பா ஆகிய மூவர், அங்குள்ள எக்ஸிபிஷன் பார்க் என்ற சிறிய ஓடுதளத்தை எடுத்துக்கொண்டு, கேட் சாய்வைப் பந்தயம் கட்டும் கூட்டம் கவனிக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். கவனிக்கிறது என்பதே அவர்கள் கண்ட முக்கியமான சேதி. உள்கேட் குதிரைகள் மேல் கூடுதல் பணம் விழுந்து, கிடைக்கும் தொகை அதற்கேற்ப இறங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு போல்டன், சாப்மன் என்ற இருவர் வெளியிட்ட கணித மாதிரியில், வெற்றி விகிதம், வேகம், ஜாக்கி, எடை ஆகியவற்றோடு கேட் எண்ணும் ஒரு காரணியாக இருந்தது. பத்துக் காரணிகளில் ஒன்றுதான் அது. அந்த வழியில் போய் ஹாங்காங்கில் பெரும் பணம் ஈட்டிய பில் பென்டர், 1994-இல் எழுதிய கட்டுரையில் ஓர் உண்மையை மறைக்காமல் சொன்னார்: சொந்தக் கணக்கை மட்டும் நம்பாமல், கூட்டம் நிர்ணயித்த விலையையும் அதோடு சேர்த்தபோதுதான் மாதிரி உருப்படியாக வேலை செய்தது. கணினியும் ஆட்களும் முழுநேரமும் கையில் வைத்திருந்தவருக்கே கூட்டத்தின் அறிவு தேவைப்பட்டது.

டோட் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பொருள் கைக்கு எட்டும். டோட் என்பது எல்லார் பணத்தையும் ஒரு குடத்தில் போட்டு, நடத்துகிறவர் பங்கையும் வரியையும் கழித்துவிட்டு, மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. கழிவு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைக்குச் சாதாரணமாகப் பத்தில் ஒரு வாய்ப்பு. நல்ல கேட் கிடைத்ததால் அது எட்டில் ஒன்றாக உயர்கிறது. கூட்டம் இதைச் சரியாகக் கணித்தால் குடத்தில் எட்டில் ஒரு பங்குப் பணம் அந்தக் குதிரை மேல் விழும். ஒரு வெள்ளிக்கு 6 வெள்ளி 40 காசு கிடைக்கும். எட்டுப் பந்தயத்தில் ஒருமுறை வென்றால், போட்ட 8 வெள்ளிக்கு 6.40 திரும்பி வரும். கேட்டைப் பார்க்காமலேயே கட்டியவருக்கும் சராசரியில் இதே நட்டம்தான்.

இப்போது கூட்டம் கேட்டைக் கவனிக்கவே இல்லை என்று எண்ணிக்கொள்வோம். பத்தில் ஒரு பங்குப் பணமே விழுகிறது. ஒரு வெள்ளிக்கு 8 வெள்ளி. எட்டுப் பந்தயத்துக்கு 8 வெள்ளி போட்டு 8 வெள்ளி எடுக்கலாம். வாய்ப்பைக் கால் பங்கு உயர்த்துகிற ஒரு பெரிய ரகசியம் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, மற்ற அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், அவருக்குக் கிடைப்பது போட்ட முதல்தான். லாபம் ஒரு காசு இல்லை. கூட்டம் அளவுக்கு மீறி அந்தக் கேட்டை நம்பிவிட்டாலோ நட்டம் இன்னும் பெருகும். செஸ்டரில் 1-ஆவது கேட்டைப் போல ஊருக்கே தெரிந்த சாதகங்களில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

இதைத் தோட்டத்துச் சம்பள நாளோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பால்வெட்டுக் கூலியிலிருந்தும், பிறகு செம்பனைக் கூலியிலிருந்தும் குதிரைக்கும் நம்பருக்கும் போன பணத்தை யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. டோட்டுக்கு வெளியே புக்கியிடம் கட்டுவது மலேசியாவின் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். அப்படிக் கட்டிய பணத்துக்கு ரசீது ஏது? கேட்டைப் படித்தால் ஜெயிக்கலாம் என்று டிப்ஸ் விற்கிறவர்கள், மேலே உள்ள எட்டு வெள்ளிக் கணக்கைச் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

குதிரைப் பந்தயம் திறமையா, சூதா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்து இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-இல் மாநில அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைக்கும் ஜாக்கிக்கும் பயிற்சியாளருக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தத் திறமை ஆட்டத்தின் நடுவே, மறுக்க முடியாத ஒரு குலுக்கல் உட்கார்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த குதிரைக்கு எந்தக் கேட் என்பதைக் குலுக்கல்தான் சொல்கிறது. அதைச் சரியாகப் படிப்பது திறமைதான். அந்தத் திறமைக்குக் கூலி கொடுக்கும் குடத்திலிருந்து முதலிலேயே ஒரு பங்கை எடுத்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

2024 குதிரைப் பந்தய உலகத்துக்குக் கடினமான ஆண்டு. செப்டம்பரில் சென்னை கிண்டியின் 160 ஏக்கர் ரேஸ் மைதானத்துக்குத் தமிழக அரசு சீல் வைத்தது. அக்டோபர் 5 அன்று, 1842-இல் தொடங்கிய கிளப் நடத்திவந்த சிங்கப்பூர்ப் பந்தயம் கிராஞ்சியில் தன் கடைசி ஓட்டத்தை ஓடி முடித்தது. 1864-இல் பிறந்த பினாங்கு டர்ஃப் கிளப்பைக் கலைத்துவிட அதன் உறுப்பினர்கள் முடிவெடுத்ததும் அதே ஆண்டுதான். மலாயாவின் நாலு பெரிய களங்களில் மிச்சமிருப்பவை கோலாலம்பூரை ஒட்டிய சுங்கை பீசியும் ஈப்போவும். களம் மாறினால் வளைவும் நேர்தூரமும் மாறும். கிராஞ்சியில் சேர்த்துவைத்த கேட் புள்ளிவிவரம் ஈப்போவில் செல்லாது. வருகிற குதிரைகளின் எண்ணிக்கை குறைந்தால் டிராவின் தாக்கமும் குறையும். ஆறு குதிரை ஓடும் பந்தயத்தில் கடைசிக் கேட்கூட வேலியிலிருந்து அதிகம் தள்ளி இல்லை.

கோப்பிக்கடை மேசையில் பென்சிலால் வட்டம் போட்ட குதிரைக்கு 2-ஆவது கேட் என்றே வைத்துக்கொள்வோம். முன்னால் ஓடும் குதிரை, தரை காய்ந்திருக்கிறது, வளைவு அருகில். எல்லாம் சரியாகப் படித்தாயிற்று. சீட்டு வாங்கும்போது பலகையில் 8 வெள்ளி தெரிகிறது. டோட்டில் அந்த எண் வாக்குறுதி அல்ல. கடைசி நிமிடத்தில் வந்து விழும் பணமும் குடத்தில் சேர்ந்து, குதிரைகள் கூண்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் இறுதி விலை தெரியும். முதல் வளைவில் குதிரை வேலியோரமாக நினைத்தபடியே முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது, பலகையில் 8 மறைந்து 6.40 வந்து நின்றிருக்கும்.